சின்னத் திரையில் ஒரு சமையல்கார மாமா

(பெங்களூர் மல்லேஸ்வரத்தில் நம் கிளைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன வாரம் செயலாளர் போன் செய்தார். "நீங்கள் அரை மணி நேரம் பேச வேண்டும். உபன்யாசம் போன மாதம்தான் ஆயிற்று. இந்த முறை ஜனங்கள் கொஞ்சம் சிரிக்கட்டும்" என்றார். சிரிப்பு என்றதும் எனக்கு டிவி ஞாபகம் வந்தது. டிவி என்றதும் எங்கள் அத்திம்பேர் ஞாபகம் வந்தார். ஆகவே சினிமா நடிகர்கள் டிவியில் காமெடி சீரியலுக்கு வந்த கதையைப் பேசலாம் என்று தீர்மானித்தேன். அத்திம்பேர் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதில் சிரிப்பு கொஞ்சம் குறைச்சல்தான். செயலாளர் மன்னிக்க வேண்டும்.

'சிட்காம்' என்கிறார்களே, அது என்ன? ஒரு வீடு, ஒரு ஹால், ஒரு சோபா. அதே நாலைந்து பேர். வாரா வாரம் ஒரு புதுச் சங்கடம் வரும். அரை மணியில் அது தீர்ந்து, எல்லோரும் பழையபடி அதே சோபாவில் உட்கார்ந்துவிடுவார்கள். அடுத்த வாரம் மறுபடியும் முதலிலிருந்து. நம் வீட்டு விவகாரங்களும் ஏறக்குறைய அப்படித்தானே நடக்கின்றன! அதனால்தான் அது நமக்குப் பிடித்துப்போயிற்று.

இந்தியாவில் இது பெரிதாக ஆரம்பித்தது 1984-ல், தூர்தர்ஷனில் வந்த 'யே ஜோ ஹை ஜிந்தகி'யோடு. இந்தப் பத்திரிகையைப் படிக்கும் அன்பர்கள் டில்லியில் இருந்தாலும், கல்கத்தாவில் இருந்தாலும், நாகபுரியில் இருந்தாலும் அன்று பார்த்தது ஒரே டிவி, ஒரே சேனல். ஆகவே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஷஃபி இனாம்தார், ஸ்வரூப் சம்பத், ராகேஷ் பேடி நடித்தார்கள். சதீஷ் ஷா வாரம் ஒரு வேஷத்தில் வருவார். இந்த வாரம் என்னவாக வருவார் என்பதற்காகவே எங்கள் தெருவில் சாப்பாட்டை முன்கூட்டியே முடித்துவிடுவார்கள். அவர் 2025 அக்டோபரில் காலமானபோது, எங்கள் வாக்கிங் கோஷ்டி முழுவதும் அந்தப் பழைய வேஷங்களைத்தான் பேசிக்கொண்டே நடந்தது.

அந்தத் தொடரில் பின்னால் வந்து சேர்ந்தவர் ஃபரீதா ஜலால். ஹிந்தி சினிமாவில் அதற்கு முன்பே பெயர் வாங்கியவர். பிறகு 1993-ல் 'தேக் பாய் தேக்' வந்தது. நவீன் நிஸ்சோல் என்ற பழைய ஹீரோவும் அதில் இருந்தார், ஃபரீதா ஜலாலும் இருந்தார். 'ஐயோ பாவம், சினிமாவில் சான்ஸ் இல்லை போலிருக்கு' என்று என் காதுபடவே சொன்னவர்கள் உண்டு. சரி, 1995-ல் என்ன ஆயிற்று? 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' வந்தது. அதில் கதாநாயகியின் தாயாராக நடித்து, ஃபிலிம்ஃபேர் விருதும் வாங்கினார். டிவிக்குப் போனால் சினிமாக் கதவு சாத்திக்கொள்ளும் என்ற பேச்சு எங்கே போயிற்று?

ரீமா லாகூவை எடுத்துக்கொள்ளுங்கள். 1989-ல் 'மைனே பியார் கியா'வில் சாதுவான அம்மா. 'ஸ்ரீமான் ஸ்ரீமதி', 'தூ தூ மை மை' இரண்டிலும் வந்தபோது, இந்த அம்மாளுக்கு இவ்வளவு காமெடி வருமா என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். சினிமா அவரை அழத்தான் வைத்தது. அவருக்குச் சிரிக்க வைக்கவும் தெரியும் என்று டிவிதான் கண்டுபிடித்தது. அசோக் சராஃப் மராத்தி சினிமாவில் பெரிய நட்சத்திரம். 1995-ல் 'ஹம் பாஞ்ச்'சில் ஐந்து பெண்களைப் பெற்று, சுவரில் மாட்டிய முதல் மனைவியின் போட்டோவிடமும் திட்டு வாங்கும் அப்பாவாக வந்தார். மராத்தி தெரியாத நாமெல்லாம் அவரைத் தெரிந்துகொண்டது அதில்தான்.

இனி நம் ஊருக்கு வருவோம். பெங்களூரில் தூர்தர்ஷன் நிலையம் வந்தது 1981-ல். கன்னட சினிமாவில் சங்கர் நாக் அப்போது உச்சத்தில் இருந்தவர். 'ஆட்டோ ராஜா' படத்துக்குப் பிறகு, ஆட்டோக்காரர்கள் இன்றைக்கும் அவர் படத்தை வண்டியின் பின்னால் ஒட்டுகிறார்கள், நீங்களே பார்த்திருப்பீர்கள். அப்பேர்ப்பட்டவர் 1986-ல் 'மால்குடி டேஸ்' எடுக்க டிவிக்குப் போனார். ஆகும்பேயில் போய் உட்கார்ந்து, நம் ஆர்.கே. நாராயண் மனசில் கட்டிய ஊரை மழைக்கு நடுவே கண்ணெதிரே கட்டினார். கிரீஷ் கர்நாட் ஸ்வாமியின் அப்பாவாக வந்தார். அண்ணா அனந்த் நாக் மிட்டாய்க்கடை ஜகனாக வந்தார். அது சிட்காம் இல்லைதான். ஆனால் பெரிய நடிகர்கள் சின்னத் திரையில் தலைநிமிர்ந்து நிற்கலாம் என்று இந்த ஊரில் காட்டியது அதுதான். சங்கர் நாக் 1990 செப்டம்பர் 30-ம் தேதி கார் விபத்தில் போய்விட்டார், வயது 35. அனந்த் நாக்குக்கு 2025-ல் பத்மபூஷண் கிடைத்தது.

அதே காலத்தில்தான் சங்கர் நாக்கின் நாடகத் தோழர் ரமேஷ் பட் 'கிரேஸி கர்னல்' என்ற காமெடித் தொடரில் கர்னலாக வந்தார். 'ஸிஹி கஹி' என்று இன்னொன்று. இனிப்பும் கசப்பும் என்று அர்த்தம். அதில் நடித்த சந்துருவுக்கு 'ஸிஹி கஹி சந்துரு' என்பதே பெயராகிவிட்டது. சினிமாவில் எத்தனையோ வேஷம் போட்டார். நிலைத்தது டிவி கொடுத்த பெயர். அவரே பிறகு ஈ டிவி கன்னடாவில் 'பாப்ப பாண்டு'வை இயக்கினார். கன்னடத்தில் 'பாப்ப' என்றால் 'ஐயோ பாவம்'. பெண்டாட்டியிடம் மாட்டிக்கொண்டு தவிக்கும் பாண்டுவைப் பார்த்து எங்கள் பிளாட்டில் எல்லா மாமிகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமாக்கள் ஏன் சிரிக்கவில்லை என்று கேட்காதீர்கள்.

தமிழில் இந்தப் பாதையை முதலில் அகலப்படுத்தியவர்களில் ஒருவர் கே. பாலசந்தர். ஏ.ஜி. ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டு நாடகம் போட்டவர், சினிமாவுக்குப் போனார். அங்கே சிகரம் தொட்ட பிறகு, 1990-ல் 'ரயில் சிநேகம்' என்று டிவிக்கு வந்தார். யாரும் அவரை வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. அவருடைய மின்பிம்பங்கள் நிறுவனத்தில் நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி'யை நம்மில் மறந்தவர் யார்? புருஷன் பெயரும் ரமணி, பெண்டாட்டி பெயரும் ரமணி. 'வானமே எல்லை' படத்தில் நடித்த பிருத்விராஜ், வாசுகியோடு வந்தார். அடுத்த தொடரில் ராம்ஜியும் தேவதர்ஷினியும். வில்லன் கிடையாது, விஷம் வைக்கிற மாமியார் கிடையாது. காபிப் பொடி வாங்க மறந்தால் அதுவே ஒரு வாரத்துக் கதை! எஸ்.வி. சேகர் 'மணல் கயிறு' மாதிரிப் படங்களில் கதாநாயகனாக நடித்துவிட்டுத் தூர்தர்ஷனில் 'வண்ணக் கோலங்கள்' போட்டார். சன் டிவியின் 'சின்னப் பாப்பா பெரிய பாப்பா'வில் ஸ்ரீப்ரியா, நளினி, நிரோஷா என்று சினிமாக் கதாநாயகிகள் வெவ்வேறு சமயங்களில் நடித்தார்கள். அவர்களோடு பட்டாபியாக வந்தவர் எம்.எஸ். பாஸ்கர். அந்தப் பட்டாபி வேஷத்துக்குப் பிறகுதான் சினிமா அவரைத் திரும்பிப் பார்த்தது. 'மொழி' வந்தது. 2025-ல் அறிவித்த தேசிய விருதுகளில் 'பார்க்கிங்' படத்துக்காகச் சிறந்த துணை நடிகர் விருதும் வந்தது. ஆக, பாதை இரண்டு பக்கமும் போகிறது. நாம்தான் ஒரு பக்கத்துக்கு மட்டும் 'இறக்கம்' என்று போர்டு மாட்டி வைத்திருக்கிறோம்.

வெளிநாட்டில் மட்டும் என்ன? அமெரிக்காவில் லூசில் பால் என்று ஓர் அம்மாள். ஹாலிவுட்டில் ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவில் மாதச் சம்பள ஒப்பந்தத்தில் இருந்த நடிகை. இரண்டாம் தரப் படங்களின் ராணி என்று பெயர், அவ்வளவுதான். நாற்பது வயதில், 1951-ல், 'ஐ லவ் லூசி' என்று டிவி காமெடிக்கு வந்தார். தம்முடைய நிஜக் கணவர் டெசி அர்னாஸ்தான் தொடரிலும் கணவராக வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அவர் கியூபாக்காரர், ஜனங்கள் ஏற்கமாட்டார்கள் என்று கம்பெனி தயங்கியது. இருவரும் ஊர் ஊராக மேடையில் நடித்துக் காட்டி ஒப்புக்கொள்ள வைத்தார்கள். அந்த நாளில் டிவி நிகழ்ச்சி நியூயார்க்கிலிருந்து நேரடியாகப் போகும். மற்ற ஊர்களுக்கு மங்கலான பிரதிதான். இவர்கள், 'நாங்கள் ஹாலிவுட்டிலேயே இருந்துகொண்டு, ஜனங்களை எதிரே உட்காரவைத்து, மூன்று கேமராவில் ஃபிலிமிலேயே எடுக்கிறோம். சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த ஃபிலிம் எங்களுக்குச் சொந்தம்' என்றார்கள். கம்பெனிக்கு அது வேண்டாத பழைய ஃபிலிம், சரி என்றது. லூசிக்குக் குழந்தை பிறக்கும் எபிசோட் 1953 ஜனவரி 19-ல் வந்தபோது சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் நடந்த ஜனாதிபதி ஐசன்ஹோவர் பதவியேற்பைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு! 1957-ல் என்ன நடந்தது தெரியுமா? ஒரு காலத்தில் தாம் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த அதே ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவையே அந்தத் தம்பதி விலைக்கு வாங்கினார்கள்.

காமெடித் தொடரில் நடிப்பது சுலபமா? சினிமாவில் ஹீரோ வந்தால் பின்னணி இசை உண்டு, காற்றில் தலைமுடி பறக்க ஒரு மின்விசிறி உண்டு. டிவி ஹாலில் அவர் வெறுமனே கதவைத் திறந்துகொண்டு, கத்தரிக்காய்ப் பையோடு உள்ளே வரவேண்டும். அந்தப் பையை வைக்கிற விதத்தில் சிரிப்பு வரவேண்டும். சினிமாவில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று காட்சி எடுத்தால் பெரிது. டிவியில் பக்கம் பக்கமாக வசனம் ஒரே நாளில் முடிய வேண்டும். இருட்டுக் கொட்டகையில் டிக்கெட் வாங்கி வந்தவன் எழுந்து போகமாட்டான். வீட்டில் பார்ப்பவர், குக்கர் விசில் அடித்தால் எழுந்துவிடுவார். அவரை உட்காரவைப்பதற்குத் தனிச் சாமர்த்தியம் வேண்டும்.

இப்போது அத்திம்பேர் கதை.

என் அக்காவின் அகத்துக்காரர் சென்னையில் ஒரு வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஆபீஸராக ரிடையர் ஆனவர். சாயங்காலமானால் நாடகம். அவர் மேடையில் தும்மினால்கூடச் சபா சிரிக்கும். அந்தப் பழக்கத்தில் சினிமாவிலும் கொஞ்சம் தலைகாட்டினார். ஜட்ஜாக வருவார், ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றும் டாக்டராக வருவார். மொத்தமாக ஏழெட்டுப் படம். எதிலும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் கிடையாது. ஆனாலும் எங்கள் குடும்பத்தில் அவர் 'சினிமாவில் இருப்பவர்'. எனக்கு அதில் ஏகப் பெருமை. ஃபேக்டரி கேன்டீனில் அவர் நடித்த படங்களின் பெயரை ஒப்பிப்பேன்.

1998-ல் என் பையன் பூணூலுக்குப் பெங்களூர் வந்தார். அப்போது ரிடையர் ஆகி ஆறு மாதம். விசேஷம் முடிந்த மறுநாள் மொட்டை மாடியில், வடாம் காய்ந்துகொண்டிருந்த இடத்தில், என்னிடம் தனியாகச் சொன்னார்.

"ஒரு சேனல்ல வாராந்தர காமெடி சீரியலுக்குக் கூப்பிட்டிருக்காடா. பெரிய குடும்பம். அதுல நான் சமையல்கார மாமா. எல்லா எபிசோடுலயும் உண்டு. நாள் கணக்குல சம்பளம். நீ என்ன நினைக்கறே?"

அவர் முகத்தில் சின்னப் பையன் மாதிரி ஒரு சிரிப்பு. நான் அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டும் சொன்னேன்: "அத்திம்பேர், சினிமால ஜட்ஜா வந்துட்டு டிவில கரண்டி பிடிக்கறதா? அக்கா பொண்ணுக்கு வேற வரன் பாத்துண்டிருக்கோம். வரவா என்ன நினைச்சுப்பா? 'மார்க்கெட் போச்சு, அதான் டிவிக்கு வந்துட்டார்'னுதான் சொல்லுவா."

அவர் வடாத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நீ சொல்றதும் சரிதான்" என்றார். சென்னை போனதும் வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

தொடர் வந்தது. வேறொருவர் சமையல்கார மாமாவாக நடித்தார். நன்றாகத்தான் நடித்தார், இரண்டு வருஷம் ஓடியது. ஒரு சமயம் நான் மாம்பலத்தில் அக்கா வீட்டில் இருந்தபோது அது வந்தது. அத்திம்பேர் ஈஸிசேரில் சாய்ந்து ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் அந்த மாமா, சாம்பாரில் உப்பு அதிகம் என்று சொன்ன பையனுக்குச் சட்டென்று பதில் சொல்வார். அத்திம்பேர் எனக்குக்கூட இல்லை, தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்: "உடனே சொல்லப்படாது. கரண்டியை ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லணும்." சொல்லிவிட்டுக் கையைக் கரண்டி மாதிரி உயர்த்தி, ஒரு கணம் அதைப் பார்த்தார். அவ்வளவுதான். அக்கா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தவள் சிரித்துவிட்டாள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. உடனே தொண்டையை அடைத்தது.

அதற்குப் பிறகு சினிமாவில் ஒரு ஜட்ஜ் வேஷம்கூட வரவில்லை. நாடகக் குழுவும் கலைந்தது. வரன் விஷயம்? 1999-ல் நிச்சயமாயிற்று. சம்பந்தி மாமி முதல் நாளே கேட்டாள்: "நீங்க நடிப்பேளாமே, டிவில ஏதாவது வரேளா? நாங்க சினிமாவுக்கெல்லாம் போறதில்லை. டிவின்னா பாப்போம்." அத்திம்பேர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

2011-ல் அவர் காலமானார். பேத்தி இப்போது வேலையில் இருக்கிறாள். தாத்தா நடித்த காட்சி வேண்டும் என்று தேடியதில், கோர்ட்டில் "ஆர்டர், ஆர்டர்" என்று சொல்லும் ஒரு துண்டு கிடைத்தது. சுத்தியலால் தட்டுவது தாத்தாதானா என்று கேட்டாள். ஆமாம் என்றோம். அந்தச் சுத்தியல் தட்டுகிற மனுஷனுக்கு ஒரு சபையையே புரட்டிப் போட்டுச் சிரிக்க வைக்கத் தெரியும் என்பதற்கு, அவளிடம் காட்ட எங்களிடம் ஒன்றும் இல்லை.

அவர் நடிக்காமல் போனதற்குச் சேனல் காரணமில்லை, சினிமாவும் காரணமில்லை. நான் சொன்ன ஒரு வார்த்தை. 'வரவா என்ன நினைச்சுப்பா' என்றேன். வந்தவர்கள் அப்படி ஒன்றும் நினைக்கவில்லை. நினைத்தது நான். என் பெருமைக்கு அவர் ஜட்ஜாக இருக்க வேண்டியிருந்தது. பெரிய இடத்தில் இரண்டு நிமிஷம் சும்மா நிற்பதைவிட, சின்ன இடத்தில் வாராவாரம் தம் தொழிலைச் செய்வது அவருக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று நான் யோசிக்கவே இல்லை.

நம்மிடம் இந்தப் பழக்கம் ஜாஸ்தி. ஜெனரல் மேனேஜராக இருந்தவர் ரிடையர் ஆனதும் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போனால், 'இவருக்கு ஏன் இந்தத் தலையெழுத்து' என்கிறோம். பாங்கு மாமி புளிக்காய்ச்சல் போட்டு விற்றால், பிள்ளை பணம் அனுப்பவில்லையோ என்று விசாரிக்கிறோம். அவர்களுக்கு அதில் சந்தோஷம் இருக்குமே என்று தோன்றுவதில்லை.

2000-க்குப் பிறகு தினசரி அழுகைத் தொடர்கள் வந்து, வாராந்தரச் சிரிப்புகளை ஓரம் தள்ளிவிட்டன. ஆனால் இப்போது செல்போனில் பார்க்கும்படி மறுபடி வருகின்றன. 2020-ல் அமேசானில் 'டைம் என்ன பாஸ்' என்று வந்தது. பரத், ப்ரியா பவானி சங்கர், கருணாகரன் எல்லாம் சினிமாக்காரர்களே. 2022-ல் 'ரமணி வெர்சஸ் ரமணி'யும் ஆஹாவில் திரும்பி வந்தது. இன்றைய பிள்ளைகள் யாரும் அதை இறக்கம் என்று சொல்வதில்லை. திரை உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிட்டபோது பெரிசு எது, சின்னது எது?

கடைசியாக ஒரு விஷயம். வருஷக் கடைசியில் நம் கிளை ஆண்டு விழாவுக்கு ஒரு சிரிப்பு நாடகம் போடுகிறார்களாம். வேஷங்களைப் பங்கிட்டபோது ஜட்ஜுக்கும் கலெக்டருக்கும் உடனே ஆள் கிடைத்துவிட்டது. சமையல்கார மாமாவுக்கு மட்டும் ஒருவரும் கை தூக்கவில்லை என்று செயலாளர் குறைப்பட்டுக்கொண்டார். நான் பெயர் கொடுத்திருக்கிறேன். எனக்கு நடிப்பு வராது. அது எனக்கே தெரியும். ஆனால் ஒரு இடத்தில் மட்டும் எப்படிச் செய்ய வேண்டும் என்று தெரியும். சட்டென்று பதில் சொல்லமாட்டேன். கரண்டியை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் சொல்லுவேன்.

எல்லோரும் அவசியம் வரவேண்டும்.